பூட்டும் திறவுகோலும்

நுழையும்முன்

வலக்காலுக்கு உரிய காலணி இடக்காலுக்குப் பொருந்துவதில்லை. இரண்டும் ஒரே தோலால், ஒரே அளவில் செய்யப்பட்டவைதாம். ஆயினும் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருப்பதால் அவற்றை இடம் மாற்றி அணிய இயலாது. நாம் உண்ணும் சர்க்கரையிலும் உடலை ஆக்கும் புரதத்திலும் உள்ள மூலக்கூறுகளுக்கும் இத்தகைய இடமும் வலமும் உண்டு. மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் கருவிகள் எவையும் தோன்றாத காலத்தில், சோதனைக் குழாயையும் தருக்கத்தையும் துணையாகக் கொண்டு சர்க்கரையின் வடிவத்தை வரைந்து காட்டியவர் எமில் ஃபிஷர். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வணிகத்திற்கு உதவாத மகன்

ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் கொலோன் நகருக்கு அருகே அமைந்துள்ள ஊர் ஆய்ஸ்கிர்ஷன். அங்கு 1852ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் எமில் ஃபிஷர் பிறந்தார். அவருடைய தந்தை லாரன்ஸ் ஃபிஷர் வணிகத்தில் தேர்ந்தவர். தம் ஒரே மகன் தமக்குப் பின் தொழிலை ஏற்று நடத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். பள்ளிக் கல்வி முடிந்ததும் எமில், குடும்பத்தாரின் மர வணிகத்தில் சேர்க்கப்பட்டார். ஆனால் கணக்கேடுகளில் அவருடைய மனம் ஒன்றவில்லை. வணிகத்திற்கு இவன் உதவான் என்று உணர்ந்த தந்தை, மகன் படிக்கவாவது செய்யட்டும் என்று பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவைத்தார்.

1871ஆம் ஆண்டு எமில் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பென்சீன் மூலக்கூறு வளைய வடிவினது என்று உலகிற்கு எடுத்துரைத்த கெக்குலே அப்போது அங்குப் பேராசிரியராக விளங்கினார். அவருடைய வகுப்புகளில் அமர்ந்தபோதும் எமிலின் நாட்டம் இயற்பியலிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு அவர் தம் உறவினர் ஓட்டோ ஃபிஷருடன் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அங்கு அடால்ஃப் ஃபான் பேயர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற பின்னரே வேதியியல்தான் தம் வாழ்க்கைப் பணி என்று உறுதி கொண்டார். சாயப் பொருள்களை ஆராய்ந்து 1874ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

தந்தையின் எண்ணம் ஈடேறவில்லை எனினும், அவர் மகனைக் கைவிடவில்லை. எமில் பொருளாதாரக் கவலையின்றி ஆய்வில் ஈடுபடத் தேவையான செல்வத்தை வழங்கினார். 1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் பெரிய சாயத் தொழிற்சாலை ஒன்று தன் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமையேற்குமாறு எமிலை அழைத்தது. பெரும் பதவியைத் தவிர்த்துப் பல்கலைக்கழகத்திலேயே தொடர அவரால் முடிந்தமைக்குத் தந்தையின் அவ்வுதவியே காரணமாகும்.

நன்மையும் நஞ்சும்

1875ஆம் ஆண்டு ஃபிஷர் ஒரு புதிய சேர்மத்தைக் கண்டறிந்தார். பென்சீன் வளையத்தோடு இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அடுத்தடுத்து இணைந்த அச்சேர்மம் பினைல்ஹைட்ரசீன் எனப்பட்டது. எண்ணெய் போன்ற இந்நீர்மம் ஆல்டிஹைடுகளோடும் கீட்டோன்களோடும் எளிதில் வினைபுரிந்தது. அது பெருஞ்செல்வம் என்பதை அவர் அறிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அக்காலத்தில் சர்க்கரைகளை ஆராய முற்பட்டோர் எதிர்கொண்ட இடர் பெரிது. சர்க்கரைகளின் கரைசலைக் காய்ச்சினால் அவை பெரும்பாலும் படிகமாவதில்லை. பிசுபிசுப்பான பாகாகவே நிற்கும். பாகிலிருந்து ஒரு பொருளைத் தூய்மையாகப் பிரிப்பதும், இது இன்ன சர்க்கரை என்று அடையாளம் காண்பதும் அரிய செயல்கள். 1884ஆம் ஆண்டு ஃபிஷர் சர்க்கரைக் கரைசலோடு பினைல்ஹைட்ரசீனைச் சேர்த்துச் சூடேற்றியபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. இவற்றுக்கு ஓசசோன் என்று பெயரிட்டார். படிகத்தின் வடிவத்தையும் உருகுநிலையையும் கொண்டு சர்க்கரைகளை வேறுபடுத்தி அறிய இப்போது வழி பிறந்தது. பாகினுள் மறைந்திருந்தவற்றுக்கு முகம் கிடைத்தது போலாயிற்று.

ஆனால், வழிகாட்டிய அச்சேர்மமே கொடிய நஞ்சாகவும் இருந்தது. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அது உடலில் சேரும். அதன் தீங்கு அக்காலத்தவருக்கு முழுமையாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதனோடு பழகிய ஃபிஷருக்குத் தோல்நோயும் நீங்காத உடல்நலிவும் ஏற்பட்டன. காரணம் புலப்பட்ட பின்னும் பாதிப்பு அவரை விட்டு முழுமையாக அகலவில்லை. இன்று வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, புகைபோக்கி அறை ஆகியன கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இவ்விதிகளின் பின்னால் ஃபிஷரைப் போன்ற பலருடைய நோயுற்ற நாள்கள் இருக்கின்றன.

நைட்ரஜன் வளையங்கள்

பேயருடன் மியூனிக் நகருக்குச் சென்ற ஃபிஷர், 1882ஆம் ஆண்டு எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலும் 1885ஆம் ஆண்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் ஆனார். இக்காலத்தில் அவருடைய ஆய்வு இரு திசைகளில் விரிந்தது. ஒன்று சர்க்கரை, மற்றொன்று நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட வளையச் சேர்மங்கள்.

1883ஆம் ஆண்டு அவரும் அவருடைய மாணவரும் பினைல்ஹைட்ரசீன் வகைச் சேர்மம் ஒன்றிலிருந்து பெறப்பட்ட பொருளை அமிலத்துடன் சூடேற்றினர். அப்போது ஒரு நைட்ரஜன் அணு அம்மோனியாவாக வெளியேறியது. எஞ்சிய நைட்ரஜனை உள்ளடக்கிப் புதிய வளையம் ஒன்று மூடிக்கொண்டது. பென்சீன் வளையத்தோடு ஐந்து அணு வளையம் ஒட்டிய இவ்வமைப்புக்கு இண்டோல் என்று பெயர். அமிலமோ துத்தநாகக் குளோரைடோ இங்கு வினையூக்கியாகச் செயல்படுகிறது. இவ்வினை இன்றும் ஃபிஷர் இண்டோல் தொகுப்பு என்றே வழங்கப்படுகிறது. புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தில் இண்டோல் வளையம் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு வழங்கப்படும் டிரிப்டான் வகை மருந்துகளிலும் அவ்வளையம் உண்டு. அவற்றுள் சில இன்றும் ஃபிஷர் வகுத்த வழியிலேயே தயாரிக்கப்படுகின்றன.

இதே காலத்தில் யூரிக் அமிலத்தையும் அவர் ஆராய்ந்தார். சிறுநீரில் காணப்படும் யூரிக் அமிலம், காப்பிக் கொட்டையின் காஃபீன், கொக்கோ விதையின் தியோபுரோமின், உயிரணுக்களின் உட்கருவில் கிடைக்கும் அடினைன், குவானைன் ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றின. இவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று ஃபிஷர் நிறுவினார். இரண்டு வளையங்கள் ஒட்டியமைந்து, அவற்றில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் பொதிந்த ஓர் அடிப்படைச் சட்டகம் இக்குடும்பம் முழுமைக்கும் பொது. அச்சட்டகத்திற்குப் பியூரின் என்று பெயர் சூட்டினார். 1895ஆம் ஆண்டு காஃபீனையும் 1898ஆம் ஆண்டு தாய்ச் சேர்மமாகிய பியூரினையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்.

இப்பாதை நேர்க்கோட்டில் அமையவில்லை. யூரிக் அமிலத்திற்கு மற்றொரு வேதியியலாளர் 1875ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்திருந்த அமைப்பை ஃபிஷர் முதலில் ஏற்கவில்லை. தாமே வேறோர் அமைப்பை வரைந்தார். தொடர்ந்து தாம் செய்த சோதனைகள் தம் கருத்துக்கு எதிராகவே சான்று கூறியபோது, 1897ஆம் ஆண்டு தம் அமைப்பைக் கைவிட்டு மற்றவருடையதே சரி என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவர் செய்த அத்திருத்தத்தின்மேல்தான் பியூரின் வேதியியல் முழுவதும் எழுந்து நிற்கிறது.

சர்க்கரையின் வடிவம்

குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதே எண்ணிக்கையில் அதே அணுக்கள் கொண்ட மேனோஸ், கேலக்டோஸ் முதலியனவும் உள்ளன. எண்ணிக்கை ஒன்றாயிருக்கப் பண்பு வேறுபடுவது ஏன்? 1874ஆம் ஆண்டு வான்ட் ஹாஃப், லெ பெல் என்னும் இருவர் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர். நான்கு வெவ்வேறு தொகுதிகளோடு பிணைந்த கார்பன் அணு சீர்மையற்றது. அதைச் சுற்றிலும் தொகுதிகள் இரு விதமாக அமையலாம். அவ்விரண்டும் இடக்கை, வலக்கை போன்றவை என்பதே அக்கருத்து. கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த கைரல் என்னும் பெயரே இப்பண்புக்கு இன்று வழங்குகிறது.

குளுக்கோசில் இத்தகைய கார்பன் அணுக்கள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரு வாய்ப்புகள் எனில், மொத்தம் பதினாறு வடிவங்கள் அமையும். இயற்கையில் கிடைக்கும் குளுக்கோஸ் அப்பதினாறனுள் எது? கண்ணால் காண முடியாத ஒன்றை ஃபிஷர் தருக்கத்தால் தேடினார். குளுக்கோசும் மேனோசும் ஒரே ஓசசோனைத் தந்தன. ஓசசோன் உருவாகும்போது முதலிரு கார்பன்களின் வேறுபாடு அழிந்துவிடும். ஆகவே இவ்விரு சர்க்கரைகளும் இரண்டாம் கார்பனில் மட்டுமே வேறுபடுகின்றன என்று தெளிந்தார். அடுத்து, ஒரு சர்க்கரையின் இரு முனைகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து ஒரே வகையாக்கினார். மூலக்கூறின் உள்ளமைப்பு சமச்சீராக இருப்பின் விளைபொருள் ஒளியின் தளத்தைச் சுழற்றாது, இல்லையெனில் சுழற்றும். இவ்வாறு ஒவ்வொரு சோதனையும் சில வாய்ப்புகளை நீக்கிக்கொண்டே வந்தது. 1891ஆம் ஆண்டு குளுக்கோசின் வடிவத்தை அவர் அறிவித்தார். முப்பரிமாண அமைப்பைத் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டுக் காட்ட அவர் வகுத்த முறையே, நாம் வேதியியல் பாடத்தில் பயிலும் ஃபிஷர் வீழல் வாய்பாடு ஆகும்.

வடிவத்தைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. கிளிசராலிலிருந்து தொடங்கி மேனோஸ், ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் ஆகியவற்றைப் படிப்படியாக உருவாக்கி 1890ஆம் ஆண்டு வெற்றி கண்டார். இங்கு ஒரு தடை எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் கட்டப்படும் மூலக்கூறுகளில் இடவகையும் வலவகையும் சம அளவில் கலந்தே தோன்றும். இயற்கையிலோ ஒருவகையே பெரிதும் உண்டு. கலந்தவற்றை எவ்வாறு பிரிப்பது? நம் நாட்டுக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதையில் ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சு உள்ளது. நைட்ரஜன் வளையங்களைக் கொண்ட அச்சேர்மம் இயற்கையில் ஒரே கைவகையில்தான் தோன்றுகிறது. மேனோசிலிருந்து பெற்ற அமிலத்தோடு அதைச் சேர்த்தபோது, இடவகை அமிலத்தின் உப்பும் வலவகை அமிலத்தின் உப்பும் கரைதிறனில் வேறுபட்டன. ஆகவே அவற்றைப் பிரிக்க முடிந்தது. பிரித்த அமிலத்தைக் குயினோலின் என்னும் மற்றொரு நைட்ரஜன் வளையச் சேர்மத்துடன் சூடேற்றியபோது இரண்டாம் கார்பனின் அமைப்பு மாறிக் குளுக்கோசிற்கு உரிய அமிலம் கிடைத்தது. சர்க்கரையில் நைட்ரஜன் இல்லை. எனினும் அதைத் திறக்க உதவியவை நைட்ரஜன் சேர்மங்களே.

தெரிந்து தெளிவோம்

தம் வரைபடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வலப்புறம் எழுதுவதா இடப்புறம் எழுதுவதா என்பதை முடிவுசெய்ய ஃபிஷர் காலத்தில் எச்சான்றும் இல்லை. எனவே அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார். அது சரியாகவும் இருக்கலாம், அதன் கண்ணாடிப் பிம்பமே உண்மையாகவும் இருக்கலாம். 1951ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைவூட் என்னும் அறிவியலாளர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்றை ஆராய்ந்தார். ஃபிஷர் தேர்ந்துகொண்டதே உண்மை வடிவம் என்பது அப்போது உறுதியாயிற்று.

தேர்ந்தெடுக்கும் வினையூக்கி

இட, வல வேறுபாட்டை அறிய ஃபிஷருக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆனால் மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் அவ்வேறுபாட்டை எளிதில் அறிந்துகொண்டது. இருவகையும் கலந்த சர்க்கரையில் ஈஸ்ட்டைச் சேர்த்தால், அது இயற்கை வகையை மட்டும் உண்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டது. இதன் காரணத்தை ஃபிஷர் நுணுகி ஆராய்ந்தார்.

குளுக்கோசை மெத்தில் ஆல்கஹாலில் கரைத்து, வினையூக்கியாகச் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் மெத்தில் குளுக்கோசைடு என்னும் வளையச் சேர்மம் உண்டாகும். அது ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு வடிவங்களில் தோன்றும். அவ்விரண்டின் வேறுபாடு ஒரே ஒரு கார்பனில் ஒரு தொகுதி நோக்கும் திசை மட்டுமே. அவற்றை நீர்த்த அமிலத்தில் சூடேற்றினால் இரண்டும் பிளவுறும். அமிலத்திற்கு இன்னது இனியது என்னும் வேறுபாடு இல்லை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதியோ ஆல்ஃபா வடிவத்தை மட்டுமே பிளந்தது. பாதாம் வகை விதையில் உள்ள எமல்சின் என்னும் நொதி பீட்டா வடிவத்தை மட்டுமே பிளந்தது. குளுக்கோசின் கண்ணாடிப் பிம்பத்திலிருந்து செய்த சேர்மத்தை இவ்விரு நொதிகளும் தீண்டவே இல்லை.

இதிலிருந்து 1894ஆம் ஆண்டு ஃபிஷர் ஒரு முடிவை எய்தினார். நொதியும் ஒரு கைரல் பொருளே. அது வினையூக்கும் மூலக்கூறின் வடிவம் அதன் வடிவத்தோடு பொருந்தினால்தான் வினை நிகழும். ஒரு பூட்டுக்கு உரிய திறவுகோல்தான் அதைத் திறக்கும் என்பது போன்றது இது. இவ்வொப்புமை உயிர் வேதியியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாக நிலைபெற்றது. வளைந்து நெகிழ்ந்து தன்னைப் பொருத்திக்கொள்ளும் இயல்பும் நொதிக்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் வடிவமே வினையை முடிவுசெய்கிறது என்னும் ஃபிஷரின் கருத்து மாறவில்லை.

இக்கருத்து வேதியியலாளர் முன் ஓர் அறைகூவலையும் வைத்தது. அமிலம் போன்ற எளிய வினையூக்கி இடத்தையும் வலத்தையும் ஒன்றாகவே நடத்துகிறது. நொதியோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்கும் ஆற்றல் கொண்ட வினையூக்கியை மனிதரே படைக்க இயலுமா? தம் வாழ்நாளில் ஃபிஷர் இவ்வினாவுக்கு விடை காணவில்லை.

பெர்லின் ஆண்டுகள்

1892ஆம் ஆண்டு ஃபிஷர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். மலைச்சாரலும் காட்டுவழிகளும் சூழ்ந்த வூர்ட்ஸ்பர்க் வாழ்வை அவர் பெரிதும் விரும்பியிருந்தார். அதை விட்டு வருவது அவருக்கு எளிதாக இல்லை. இயல்பாகவே நாவன்மை மிக்கவர் அல்லர் எனினும், தாம் எழுதிய உரைகளை மனத்தில் பதித்துக்கொண்டு பிழையின்றி வகுப்பெடுக்கும் நினைவாற்றல் அவருக்கு இருந்தது. 1900ஆம் ஆண்டு அவருடைய முயற்சியால் பெர்லினில் புதிய வேதியியல் நிறுவனக் கட்டடம் திறக்கப்பட்டது. சர்க்கரை, பியூரின் ஆகியவற்றின் தொகுப்பு ஆய்வுகளுக்காக 1902ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற இரண்டாமவர் அவர். முதலாமவர், சீர்மையற்ற கார்பன் கருத்தை உரைத்த வான்ட் ஹாஃப்.

பரிசு பெறும் முன்பே அவர் புரதத்தை ஆராயத் தொடங்கிவிட்டார். 1901ஆம் ஆண்டு பாலில் உள்ள கேசீன் என்னும் புரதத்தைப் பகுத்தபோது, ஐந்து அணு வளையத்தில் நைட்ரஜனைக் கொண்ட அமினோ அமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். புரோலின் என்னும் அச்சேர்மமும் கைரல் தன்மை உடையது. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் பிணைந்தே புரதம் ஆகின்றன என்பதை நிறுவ, அச்சங்கிலிகளைத் தாமே கோக்க முற்பட்டார். அவற்றுக்குப் பெப்டைடு என்று பெயரிட்டவரும் அவரே. 1907ஆம் ஆண்டளவில் பதினெட்டு அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியை உருவாக்கினார்.

அவரிடம் பயின்ற ஓட்டோ டீல்ஸ், ஓட்டோ வார்பர்க் ஆகியோர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அந்நிறுவனத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்கள் அங்குப் பணியாற்ற ஃபிஷர் இசையவில்லை. 1907ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து வந்த லீசே மைட்னர் என்னும் இயற்பியலாளர், அடித்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில் மட்டுமே ஆய்வுசெய்ய அனுமதிக்கப்பட்டார்; அதற்கும் தனி வாயில்வழியாகவே வந்துசெல்ல வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டு பிரஷ்ய அரசு பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வியைத் திறந்துவிட்ட பின்னர் ஃபிஷரும் தம் தடையை நீக்கினார். மைட்னரின் வளர்ச்சிக்குத் துணையும் நின்றார். அணுக்கருப் பிளவைப் புரிந்துகொள்ள வழிகாட்டியவர்களுள் ஒருவராக மைட்னர் பின்னாளில் உயர்ந்தார். யூரிக் அமிலத்தின் அமைப்பைப் போலவே இதிலும் ஃபிஷரின் முதல் முடிவு பிழையானது. இரண்டிலும் அவர் தம்மைத் திருத்திக்கொண்டார்.

இழப்பின் நிழல்

ஆய்வில் அடுத்தடுத்து வெற்றி கண்ட அவருடைய இல்வாழ்வு துயரம் நிறைந்தது. எர்லாங்கன் பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியரின் மகளான ஆக்னஸ் கெர்லாக்கை அவர் 1888ஆம் ஆண்டு மணந்தார். ஏழே ஆண்டுகளில், 1895ஆம் ஆண்டு, மனைவி இறந்தார். தாயை இழந்த மூன்று ஆண்மக்களைத் தந்தையே வளர்த்தார். உயிரினங்களின் வேதியியலில் பெரும்புகழ் பெற்ற அவ்வாண்டுகளில்தான் அவருடைய இல்லம் இவ்வாறு வெறுமையுற்றது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வருவது நின்றது. அமோனியா, நைட்ரிக் அமிலம் முதலிய நைட்ரஜன் சேர்மங்கள் உரத்திற்கும் வேண்டும், வெடிமருந்துக்கும் வேண்டும் என்னும் நிலை எழுந்தது. நாட்டின் வேதித்தொழிலை ஒருங்கிணைக்கும் பணியில் ஃபிஷர் ஈடுபடுத்தப்பட்டார். உயிரின் நுட்பத்தை அறிய நைட்ரஜன் வளையங்களைக் கட்டிய கைகள், போரின் தேவைகளைக் கணக்கிட வேண்டியதாயிற்று. அப்போர்க்காலத்திலேயே தம் மக்கள் மூவருள் இருவரை அவர் அடுத்தடுத்து இழந்தார். மூத்த மகன் ஹெர்மன் மட்டுமே எஞ்சினார். அவர் தந்தையின் வழியில் சென்று உயிர்வேதியியல் அறிஞராக விளங்கினார்.

போர் முடிந்தபோது ஃபிஷரின் உடல் தளர்ந்திருந்தது. நெடுங்கால நச்சுப் பாதிப்போடு புற்றுநோயும் சேர்ந்தது. 1919ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் பெர்லினில் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. தம் வாழ்வைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் 1922ஆம் ஆண்டு வெளிவந்தது.

தொடரும் பாதை

ஃபிஷர் விட்டுச்சென்ற வினா அவரோடு மறையவில்லை. உடலில் உள்ள ஏற்பிகளும் நொதிகளும் கைரல் தன்மை உடையவை. ஆதலால் மருந்தின் இடவகை ஒருவிதமாகவும் வலவகை வேறுவிதமாகவும் செயல்படலாம். நடுக்குவாத நோய்க்கு வழங்கும் டோப்பா என்னும் மருந்தில் ஒருவகை மட்டுமே பயன் தருவது. வேண்டிய வகையை மட்டும் உருவாக்கும் வினையூக்கியை மனிதர் படைத்தாக வேண்டியதாயிற்று. உலோக அணுவோடு கைரல் மூலக்கூறுகளைப் பிணைத்து அத்தகைய வினையூக்கிகளை உருவாக்கிய நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் ஆகிய மூவரும் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். டோப்பா மருந்தின் பயன்தரும் வகையைத் தயாரிக்க நோல்ஸ் கண்ட முறையே இவ்வழியில் தொழிற்சாலையை எட்டிய முன்னோடி முறையாகும்.

உலோகமே இல்லாத எளிய வழி ஒன்றும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில், கைரல் தன்மை கொண்ட வளையச் சேர்மத்தை மூடுவதற்குச் சிறிதளவு புரோலின் போதும் என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆயினும் அதன் முழுப்பொருள் அப்போது உணரப்படவில்லை. 2000ஆம் ஆண்டு பெஞ்சமின் லிஸ்ட் என்பவர் புரோலின் ஒன்றே நொதியைப் போல இடத்தையும் வலத்தையும் பிரித்தறிந்து வினையூக்குவதை நிறுவினார். அதே ஆண்டு டேவிட் மேக்மில்லன், அமினோ அமிலத்திலிருந்து செய்த மற்றொரு நைட்ரஜன் வளையச் சேர்மத்தைக் கொண்டு அதுபோன்ற வெற்றியை எய்தினார். இருவரும் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். லிஸ்ட் பயன்படுத்திய புரோலின், ஃபிஷர் நூறாண்டுக்கு முன் பால்புரதத்திலிருந்து பிரித்தெடுத்த அதே சேர்மம். தாம் தேடிய திறவுகோல்களுள் ஒன்று தம் மேசையிலேயே இருந்தது என்பதை அவர் அறியவில்லை.

மற்றொரு தொடர்பும் நினைக்கத்தக்கது. சர்க்கரையைப் பிரிக்க ஃபிஷர் பயன்படுத்திய ஸ்ட்ரிக்னைனை, 1954ஆம் ஆண்டு உட்வர்ட் என்னும் அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் முழுமையாக உருவாக்கினார். சிக்கலான அந்நெடும்பணியை அவர் தொடங்கிய முதற்படி, பினைல்ஹைட்ரசீனைக் கொண்டு செய்யும் ஃபிஷர் இண்டோல் தொகுப்பே ஆகும்.

ஓசசோன் சோதனையைச் செய்யும் மாணவர் ஒருவர் சோதனைக் குழாயில் மஞ்சள் படிகங்கள் படிவதைக் காணும்போது, ஃபிஷர் 1884ஆம் ஆண்டு கண்ட காட்சியையே தாமும் காண்கிறார். அவர் அணியாத கையுறையை அணிந்துகொண்டு காண்பது மட்டுமே வேறுபாடு.